அரை அங்குலம்

முதலில் வட்டம் போட்டேன்.
ஐந்தடி விட்டம்.
அர்மாண்ட் தேஷர்லேயின் சக்கர நாற்காலி
ஒருமுறை முழுசாய்த் திரும்ப அவ்வளவு வேண்டும்.
குளியலறையில் ஒன்று, அடுப்போரம் ஒன்று,
கட்டிலோரம் ஒன்று.
சுவர்கள் அப்புறம்தான் வந்தன.
பந்திக்குப் பிந்தியவர்கள் போல்
மிஞ்சிய இடத்தில் ஒடுங்கி நின்றன.

வினிப்பெக்கின் வடக்குப் பக்கம்,
சந்தைப் பார்த்துச் சாய்ந்துகிடந்த
பழைய கார்க் கொட்டகையின் மனை.
நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.
இதில் வீடா என்றது வங்கி.
இதற்குமேல் ஒரு டாலர் இல்லை என்றது அறக்கட்டளை.
இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே
என் பென்சில் பக்கவாட்டில் நடந்தது.

நகரசபைக் கூட்டத்தில்
பக்கத்து வீட்டு ஸெனோவியா ஹ்ரின்சுக் எழுந்தார்.
"என் பூண்டுப் பாத்தியில் நிழல் விழும்."
வரைபடத்தை நீட்டினேன்:
மார்ச்சில் இவ்வளவு, ஜூனில் இவ்வளவு.
"பூண்டைப் பற்றிக் காகிதத்துக்கு என்ன தெரியும்?"
வாக்கெடுப்பு முடியும்வரை அவர் உட்காரவில்லை.
ஒரே ஒரு கையில் பிழைத்தது வீடு.

அர்மாண்ட் அதிகம் கேட்கவில்லை.
நாலாம் மாடியில், லிஃப்ட் செத்த பதினொரு நாள்
உருளைக்கிழங்கும் உப்புமாய் இருந்தவர்.
"டிசம்பர் வெயில் கட்டில்வரை வரட்டும்,
மற்றது உன் பாடு."
தெற்கே ஒரு பெரிய கண்ணாடி வைத்தேன்.
வடக்கே ஒன்றுமில்லை.
சுவருக்குள் ஒரு முழத்துக்குக் காகிதப் பஞ்சு,
யார் யாரோ படித்து எறிந்த செய்தித்தாள்.

நவம்பரில் சோதனை.
பின் ஜன்னலில் விசிறியைப் பொருத்தி
வீட்டின் மூச்சை வெளியே உறிஞ்சினோம்.
புகைக்குச்சியோடு மூலை மூலையாய்ப் போனாள்
ரொவீனா மகராயெக்.
எங்கும் புகை நேராய் எழுந்தது.
வாசலில் மட்டும் வளைந்தது,
யாரோ ஊதியது போல.

"அரை அங்குலம் படியைத் தூக்கு, ரப்பரை ஒட்டு,
முடிந்தது" என்றார் தச்சர்.
அர்மாண்ட் தன் முன்சக்கரத்தைப் பார்த்தார்.
உள்ளங்கை அகலம்கூட இல்லை அது.
"இருபது வருஷமாய்
அந்த அரை அங்குலத்தில்தான்
என் சூப் கொட்டுகிறது."

வீட்டுக்கு வீடு வாசப்படியாம்.
இந்த வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டு இரவு தூங்காமல் பட்டியல்களைப் புரட்டினேன்.
கதவின் அடிவயிற்றில் ஒளிந்திருக்கும் ரப்பர் நாக்கு:
சாத்தினால் இறங்கும், திறந்தால் ஏறும்.
விலையைப் பார்த்து
சமையல் அலமாரியின் கதவுகளை அடித்தேன்.
"நல்லதாய்ப் போயிற்று,
கோப்பை எங்கே என்று தேட வேண்டாம்" என்றார் அர்மாண்ட்.
மறுபடி புகை. இந்த முறை
லேசாய்த் தலையாட்டிவிட்டு நின்றது.
முழு வெற்றி இல்லை. அப்படியே எழுதிக்கொண்டோம்.

ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
தொலைபேசியில் ஸெனோவியா.
"தெருவில் எல்லார் கூரையும் சொட்டி
ஈட்டி ஈட்டியாய்த் தொங்குகிறது.
உங்கள் பொம்மை வீட்டில் விழுந்த பனி விழுந்தபடி.
புகையும் இல்லை.
அந்த மனிதர் இருக்கிறாரா, போய்விட்டாரா?"
சூடு கூரைக்கு வரவில்லை, அதனால்தான்,
என்று நான் சொல்லத் தொடங்குமுன்
இணைப்பு அறுந்தது.

மீதியை அர்மாண்ட் சொன்னார்.
கதவை இடித்தாராம்.
இவர் அரைக்கைச் சட்டையோடு,
கையில் கரண்டியோடு திறந்தாராம்.
பின்னால் தரையெல்லாம் வெயில்,
கட்டில் கால்வரை.

பூட்ஸும் கம்பளித் தொப்பியுமாய் அந்த அம்மாள்
எண்பது வருஷப் பழக்கத்தில்
இல்லாத படிக்குக் காலைத் தூக்கி,
காற்றை மிதித்து,
தடுமாறி,
உள்ளே வந்துவிட்டாராம்.